கவலையும் அண்ணீரகமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் உடல்நலம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தனர். தமிழ் கற்பித்தலைத் தொழிலாக உடையேன் யான்; மருத்துவனல்லேன். இலக்கண இலக்கியம் பயின்ற ஒருவன் உடற்கூறு பற்றிப் பேசப் புகுதல் பொருந்துமோ என்னும் ஐயம் உங்களுட் சிலர்க்கு எழலாம். நோயைத் தீர்த்தல் மருத்துவர் கடன். நூல்களிற் கண்டதனை யாவர்க்கும் விளங்கும் மொழியில் எடுத்துரைத்தல் ஆசிரியன் கடன். ஆதலின், மருத்துவ நூலோர் ஆராய்ந்து முடிபு செய்தனவற்றையே ஈண்டு மொழிவேன். மருந்தும் அதன் அளவும் பற்றிய வினாக்களை அவரவர் மருத்துவரிடமே கேட்டுத் தெளிக.

அண்மைக் காலமாக நம்மவர் இல்லங்களில் ஒரு புதிய சொல் நுழைந்து வழங்குகின்றது. "கவலை மிகுதியால் அட்ரினல் சுரப்பி களைத்துப் போயிற்று" என்பதே அது. காலையில் எழ முடியவில்லை, பிற்பகலில் சோர்வு மேலிடுகின்றது, எதிலும் ஊக்கமில்லை என்பார்க்கெல்லாம் இந்த ஒரு காரணத்தையே காட்டிப் பொடியும் மாத்திரையும் லேகியமும் விற்கும் விளம்பரங்கள் கைப்பேசியின் வழியே நாள்தோறும் வந்து விழுகின்றன. திங்கள்தோறும் ஆயிரக்கணக்கான ரூபாயை இவற்றிற்குச் செலவிடுவாரும் நம்முள் உளர். ஆகவே, இச்சுரப்பி யாது, கவலை அதனை என் செய்யும், அதனைக் காக்கும் வழி எது என்னும் மூன்றனையும் முறையே ஆராய்வோம்.

முன்னோர் குண்டிக்காய் என்றும் இக்காலத்தார் சிறுநீரகம் என்றும் வழங்கும் உறுப்பு இரண்டு நம் முதுகின்புறத்தே விலாவெலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி அமைந்துள்ளன. அவ்விரண்டின் முடியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல ஒவ்வொரு சிறு சுரப்பி அமர்ந்திருக்கின்றது. இதனையே ஆங்கில மருத்துவர் அட்ரினல் என்பர். தமிழ் நூல்கள் அண்ணீரகம் என்னும். 'அண்' என்பது அண்மையையும் மேலிடத்தையும் குறிக்குமாதலின், நீரகத்தை அடுத்து மேலிருப்பது என்று அப்பெயர்க்குப் பொருள் கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 அல்லது 5 கிராம் எடையே உடையது. உருவாற் சிறிதாயினும் இஃதின்றி உயிர் நில்லாது. இச்சுரப்பிகளை நீக்கிய விலங்குகள் உயிர் பிழையா என்பதனை 1856-ஆம் ஆண்டிலேயே பிரௌன் செக்கார் என்னும் அறிஞர் சோதித்துக் காட்டினார்.

இச்சுரப்பி புறணி, அகணி என இரு பகுதியாகும். மாங்கனியின் சதையும் கொட்டையும் போல இவ்விரண்டும் ஒன்றனுள் ஒன்று அடங்கினும், தொழிலால் வேறுபட்டன. அகணி சுரப்பது அட்ரினலின் முதலாய நீர்கள். புறணி சுரப்பன பல. அவற்றுள் உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்தி இரத்த அழுத்தத்தைக் காப்பது ஆல்டோஸ்டிரோன். சர்க்கரையை இரத்தத்திற் சேர்ப்பித்து, வீக்கத்தை அடக்கி, இடையூறு வந்துழி உடம்பைத் தாங்குவது கார்டிசோல். அட்ரினலினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்து 1901-இல் உலகுக்கு அறிவித்தவர் ஜோகிச்சி தகாமினே என்னும் ஜப்பானியர்.

இனி, இச்சுரப்பி அச்சத்தின்பொழுது செய்யும் தொழிலைக் காண்போம். உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் வெளிப்படுதலை மெய்ப்பாடு என வழங்கினர் நம் முன்னோர். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, அவற்றுள் அச்சத்தையும் வெகுளியையும் அடக்கியுள்ளது. அச்சம் பிறத்தற்கு நான்கு நிலைக்களன்களையும் அது கூறுகின்றது. வருத்துந் தெய்வம் முதலாயின ஒன்று, கொடு விலங்கு மற்றொன்று, கள்வர் மூன்றாவது, தமக்கு மேலாகிய தலைவர் நான்காவது. தலைவர் என்பதனுள் அரசரேயன்றித் தந்தையும் ஆசிரியரும் அடங்குவர். இந்நான்கனையும் நினைவிற் கொள்க; பின்னர் இவற்றுக்கு மீளுவோம்.

காட்டுவழியே செல்வான் ஒருவன் கரடியை எதிர்ப்படுகின்றான் என்று கொள்வோம். கண்டது கரடியென மூளை துணிந்த அளவிலே, நரம்பின் வழியாக அகணிக்கு ஏவல் செல்கின்றது. நொடிப்பொழுதில் அட்ரினலின் இரத்தத்திற் கலக்கின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது, மூச்சு மிகுகின்றது, கண்மணி விரிகின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குப் பாய்கின்றது. போரிடுதற்கோ ஓடிப் பிழைத்தற்கோ உடம்பு ஒருப்படுகின்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வால்டர் கானன் என்பார் இதனை விரிவாக ஆராய்ந்து 1915-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

மற்றோர் ஏவலும் உடன் செல்கின்றது. அது சற்றுத் தாழ்த்துச் செயற்படும். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, தன் கீழ்த் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, அஃது ஒரு நீரைச் சுரந்து அண்ணீரகத்தின் புறணியைத் தூண்ட, கார்டிசோல் மிகுகின்றது. கரடி அகன்றபின் என்ன ஆகும்? அட்ரினலின் சில நிமிடங்களில் தேய்ந்தொழியும். கார்டிசோலோ, "போதும், இனிச் சுரப்பு வேண்டா" என்று மூளைக்கே செய்தி சொல்வதுபோல, தன்னைத் தூண்டிய ஏவலைத் தானே அடக்கிவிடும். ஓரிரு மணியில் அதுவும் தணியும். இங்ஙனம் எழுச்சியும் அடக்கமும் ஒருங்கே அமைந்தமையால், அச்சம் என்பது உடம்புக்குத் தீங்கன்று. உயிர் காக்கும் படையேயாம்.

இடையூறு எப்பொழுது தோன்றுகின்றதெனின், அச்சப்பொருள் அகலாதவிடத்துத் தோன்றுகின்றது. மேற்கூறிய நான்கனையும் ஈண்டு எண்ணிப் பார்க்க. விலங்கு ஓடிவிடும், கள்வர் விடிந்தால் மறைவர், அணங்கின் அச்சமும் பொழுது புலர்ந்தால் தெளியும். நான்காவது மட்டும் அகல்வதில்லை. வாரத் தவணை வாங்க வாயிலில் நிற்பவன் அடுத்த வாரமும் வருவான். மேலதிகாரியின் கடுஞ்சொல் இரவு பத்து மணிக்கும் கைப்பேசியில் ஒலிக்கும். தந்தையின் சினம் மாணாக்கனுக்குத் தேர்வு முடியும்வரை ஓயாது. மூளையோ கரடிக்கும் தவணைக்கும் வேறுபாடு காணாது இரண்டுக்கும் ஒரே ஏவலை விடுக்கின்றது. ஓடுதற்கும் வழியின்றிப் போரிடுதற்கும் வழியின்றி, நாற்காலியில் அமர்ந்தவாறே உடம்பு போர்க்கோலம் பூண்டிருக்கின்றது.

கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே என்பார் 1936-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கடுங்குளிர், காயம், அளவிறந்த உழைப்பு, நச்சு மருந்து என வெவ்வேறு துன்பங்களுக்கு எலிகளை உட்படுத்தியபோது, துன்பம் வேறாயினும் உடம்பின் மாறுதல் ஒன்றாகவே இருந்தது. தைமஸ் என்னும் சுரப்பி சுருங்கிற்று, இரைப்பையிற் புண் உண்டாயிற்று, அண்ணீரகமோ பருத்தது. இதனை ஊன்றி நோக்குக. இடைவிடாத் துன்பத்தில் அச்சுரப்பி மேலும் உழைத்துப் பருத்தது, வற்றிப் போகவில்லை. துன்பம் நீளுங்கால் இறுதியில் வருவதனைத் தளர்ச்சி நிலை என்று அவர் பெயரிட்டார். தளர்வது முழு உடம்பு. அண்ணீரகம் நீர் வற்றிய கிணறாகின்றது என்பது அதன் பொருளன்று.

மனிதர்க்கும் நெடுநாட் கவலையின் தீங்கு பெரும்பாலும் பிற உறுப்புகளிலேயே விளைகின்றது. இரத்த அழுத்தம் உயர்கின்றது; சர்க்கரை மிகுகின்றது; வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்கின்றது; உறக்கம் கெடுகின்றது; நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றுகின்றது. ஆதலின் 'களைத்த அண்ணீரகம்' என்று ஒரு நோய் உண்டெனக் கூறி மருந்து விற்போர் கூற்றை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரேசில் நாட்டு மருத்துவ அறிஞர் இருவர் 58 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டு, அங்ஙனம் ஒரு நோய் உண்டென்பதற்குச் சான்றில்லையென 2016-ஆம் ஆண்டில் முடிபு கூறினர். அகச்சுரப்பி மருத்துவர்களின் சங்கங்களும் அவ்வாறே மொழிந்துள்ளன.

அங்ஙனமாயின் அச்சோர்வு பொய்யோ எனின், பொய்யன்று. சோர்வு மெய்; அதற்குக் கூறப்பட்ட காரணமே பொய். இரத்தசோகை, தைராய்டுக் குறை, நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், மனச்சோர்வு நோய் என்பன அனைத்தும் இத்தகைய சோர்வையே காட்டும். இவை கண்டறியத்தக்கன, தீர்க்கவும் அடக்கவும் தக்கன. பொய்க் காரணத்தை நம்பி ஆறு திங்கள் லேகியம் உண்பார்க்கு, மெய்க் காரணம் ஆறு திங்கள் மறைவிலே வளர்கின்றது. பணம் போவது சிறு கேடு. காலம் போவதே பெருங்கேடு.

அம்மருந்துகளிலுள்ள பொருள்களும் ஐயத்திற்குரியன. அமெரிக்க நாட்டில் 'அட்ரினலுக்கு வலுவூட்டுவன' என்று கடைகளில் விற்ற 12 பொருள்களை ஆராய்ந்து 2018-இல் ஒரு முடிபு வெளியாயிற்று. பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோனும், ஏழில் ஸ்டீராய்டு ஹார்மோனும் கலந்திருந்தன. அவை கலந்திருத்தல் மேற்சீட்டில் குறிக்கப்படவில்லை. நம் நாட்டு மூலிகைகளையும் அளவறிந்தே கொள்ளல் வேண்டும். அதிமதுரத்தை அளவிறந்து நெடுநாள் உண்பார்க்கு உடம்பில் உப்பும் நீரும் தங்கி இரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் என்னும் சத்துக் குறையும். அமுக்கராக் கிழங்கு மனவுளைச்சலைச் சிறிது தணிப்பதாகச் சில சிற்றாய்வுகள் கூறினும், அதனால் கல்லீரல் ஊறுபட்டாரும் உளர். இயற்கைப் பொருள் ஆதலாலே தீங்கில்லை என்பது நியாயமாகாது. எட்டிக்காயும் இயற்கைப் பொருளே.

அன்பர்காள்! அண்ணீரகம் மெய்யாகவே தொழில் ஒழியும் நோயும் உண்டு. அதனை அறியாதிருத்தல் உயிர்க்கு இறுதியாம். லண்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-ஆம் ஆண்டில் 11 நோயாளரைப் பற்றி எழுதிய நூலால் அது விளங்கிற்று. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நாளுக்கு நாள் வலிமை குன்றல், உடல் மெலிதல், பசியின்மை, குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின்மேற் பெருவிருப்பம் என்பன அதன் குறிகள். தோல் கருத்தல் தலையாய குறி. நம்மவர் மேனி இயல்பிலேயே கருமையாதலின் இக்குறி எளிதிற் புலப்படாது. உள்ளங்கை ரேகை, பல்லீறு, வாயின் உட்புறம் இவை புதிதாகக் கருத்துள்ளனவா என்று நோக்குதல் வேண்டும். உடம்பு தன்னையே பகைத்து இச்சுரப்பியை அழித்தல் ஒரு காரணம். நம் நாட்டில் க்ஷயரோகம் மற்றொரு முதன்மையான காரணம். ஆதலின் இருமல் நீடித்தால் சளியைச் சோதிப்பித்து, அரசினர் இலவசமாக வழங்கும் மருந்தைக் குறித்த காலம் முழுமையும் உண்டல் அண்ணீரகத்தையும் காப்பதாம்.

இந்நோய் கண்டார் அஞ்சவேண்டுவதில்லை. குறைந்த ஹார்மோனை நாள்தோறும் மாத்திரையாக உட்கொண்டு நெடிது வாழலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராக 1961 முதல் 1963 வரை விளங்கிய ஜான் கென்னடிக்கு 1947-இலேயே இந்நோய் இருப்பது லண்டனிற் கண்டறியப்பட்டது. அம்மருந்துகளை உட்கொண்டவாறே அவர் அப்பெரும் பதவியின் சுமையைத் தாங்கினார்.

மற்றொரு தீங்கு நம்மவரிடையே பெருகி வருவது. இதனைச் சிறப்பாகத் தாய்மார்கள் செவி சாய்த்துக் கேட்க. 1948-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்காவில் மூட்டுவாத நோயால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்குப் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் கார்டிசோன் என்னும் மருந்தைச் செலுத்தினர். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச் உள்ளிட்ட மூவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்று தொடங்கி ஸ்டீராய்டு எனப்படும் இவ்வினத்து மருந்துகள் எண்ணிறந்த உயிர்களைக் காத்து வருகின்றன. பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன் என்பன அவற்றுட் சில.

ஆயினும், வெளியிலிருந்து இம்மருந்து வாரக்கணக்கில் உட்புகுமாயின், கார்டிசோல் போதிய அளவு உளதென மூளை கருதி ஏவலை நிறுத்திவிடும். ஏவல் நின்றால் அண்ணீரகம் வேலையின்றிச் சுருங்கும். அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினாலோ, காய்ச்சலோ விபத்தோ நேர்ந்தாலோ, வேண்டும் கார்டிசோல் சுரவாமல் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர்க்கே இறுதி வரும். கவலையால் களைப்பதாகக் கூறப்படும் சுரப்பி, உண்மையில் இங்ஙனம் மருந்தாலேயே செயலற்றுப் போகின்றது. பெயர் தெரியாத மாத்திரைகளைத் தாளில் மடித்துத் தரும் போலி மருத்துவர்களிடம் மூட்டுவலிக்கு மருந்து வாங்குவோர் பலர். ஒரே நாளில் வலி பறந்தது என்று அவர்தம் கைராசியைப் புகழ்கின்றோம். அப்பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருத்தல் கூடும் என எண்ணுவதில்லை. நிறம் வெளுக்கும் என்று பெண்மக்கள் முகத்திற் பூசும் களிம்புகளிலும் இஃது உண்டு. தோல் மெலிந்து, பரு மிகுந்து, முகம் சிவந்து எரியும். வன்மை மிக்க களிம்பை உடம்பில் பரக்கப் பூசுவார்க்கு அண்ணீரகமும் அடங்கும்.

இது கேட்டு, மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டை எவரும் இன்றே நிறுத்திவிடற்க. அதுவே பெரும் பிழையாகும். ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் மருந்தின் அளவு மிகச் சிறிது. அதனை அஞ்சி விடுவார் மூச்சுத்திணறலால் இறத்தலும் உண்டு. நெடுநாள் உண்ட மாத்திரையை மருத்துவர் கூறும் முறையிற் சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும். எம்மருந்தை எத்தனை நாளாக உண்கின்றோம் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக் கொள்க. எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலிற் காட்டுக.

இனிக் காக்கும் வழி கூறுவேன். அண்ணீரகம் ஏவலன், மூளையே ஏவுவோன். ஏவலனுக்கு லேகியம் ஊட்டுதலால் பயனில்லை. ஏவுவோனை அமைதியுறச் செய்தலே வழி.

முதலாவது உறக்கம். கார்டிசோல் நள்ளிரவையொட்டிக் குறைந்தும், வைகறையில் ஏறி விழித்தெழும் வேளையில் மிகுந்தும், பகல் முழுதும் படிப்படியாக இறங்கியும் ஒழுகுவது. இரவும் பகலும் மாறி மாறிக் கண்விழிப்பார்க்கு இவ்வொழுங்கு சிதையும். ஆதலின் நாள்தோறும் ஒரே நேரத்தில் துயிலச் செல்க. எழுந்தவுடன் காலை வெளிச்சத்தில் சிறிது நிற்க. மாலைக்குப் பின் காப்பி தவிர்க்க. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்க. ஆலையிலும் வண்டியிலும் இரவுப்பணி புரிவார் உறங்கும் பகற்பொழுதை அவர்தம் இல்லத்தார் இரவாகவே கருதி, அறையை இருளாக்கி, ஓசையடக்கிக் காத்தல் வேண்டும்.

இரண்டாவது உடல் உழைப்பு. ஓடுதற்கென எழுந்த வேகத்தை ஓடியே தணித்தல் இயற்கை. நாள்தோறும் அரைமணி விரைந்து நடத்தல் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தணிக்கும், உறக்கத்தையும் தரும். மூன்றாவது மூச்சு. மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுதலைப் பத்து நிமிடம் செய்தால் இதயத்துடிப்புத் தாழ்வதை எவரும் தாமே கண்டறியலாம். நான்காவது, புகையும் மதுவும் ஒழித்தல். கவலையை மறக்கவென்று குடிப்பவன் கவலைக்குக் காரணமாகிய கடனைப் பெருக்குகின்றான், உறக்கத்தையும் கெடுக்கின்றான். புகையிலையின் நிகோட்டினோ அட்ரினலினையே மிகுவிப்பது.

ஐந்தாவது, தனிமை ஒழிந்து பிறரோடு பகிர்தல். துயரை ஒருவரிடம் சொல்லியபின் உள்ளம் இலேசாதலை யாவரும் அறிவோம். உற்றாரிடம் சொல்ல இயலாதன உளவாயின் மனநல மருத்துவரை நாடுதல் இழுக்கன்று. 2022-இல் இந்திய அரசினர் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசித் துணைக்கு 14416 என்பது எண்; அதனைப் பிள்ளைகள் கண்ணிற் படும்படி வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் நன்று.

இவையெல்லாம் தன்னைத் தான் காக்கும் வழிகள். இவற்றினும் பெரியதொன்று உண்டு. அச்சத்தின் நான்காவது நிலைக்களன் தலைவர் என்றேன். அத்தலைவர் எவர்? எழுந்து நோக்கின், இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் நாமேயாம். தந்தையர் தம் மக்களுக்கும், கடைமுதலாளிகள் தம் பணியாளர்க்கும், மாமியார் புதிதாக இல்லம் புகுந்த மருமகளுக்கும், கடன் கொடுத்தார் வாங்கினார்க்கும், ஆசிரியராகிய எம்மனோர் மாணாக்கர்க்கும் அச்சப்பொருளாய் நிற்கின்றோம். தெருமுனையில் தந்தையின் வண்டியோசை கேட்டவுடன் ஒரு சிறுவனின் நெஞ்சு படபடக்குமாயின், அவ்வீட்டில் நாள்தோறும் மாலை ஆறு மணிக்குக் கரடி ஒன்று வருகின்றது என்றே கொள்க. அவனுக்கு எந்த லேகியம் உதவும்? நம் குரல் தாழ்தல் ஒன்றே மருந்து.

கண்டிப்பே வேண்டா என்று யான் கூறுகின்றிலேன். பிழை கண்டவிடத்துத் திருத்துதல் கடமை. அது நிகழ்ந்து முடிவது. இடைவிடாது அச்சுறுத்தல் வேறு, அது முடிவில்லாதது. முன்னது உடம்புக்கு இயைந்தது; பின்னதே தீங்கு செய்வது. சினந்தபின் அன்று இரவு உணவிற்கு முன் அவனை அருகழைத்து இரண்டு நல்ல சொல் கூறுவீராயின், "போதும்" என்னும் செய்தி அவன் மூளையை எட்டும்.

இறுதியாக நம் சங்கத்திற்கு மூன்று விண்ணப்பம் செய்துகொள்கின்றேன். ஆண்டுதோறும் தேர்வில் மிக்க மதிப்பெண் பெற்ற மாணவ மாணவியரை மேடையேற்றிப் பரிசளிக்கின்றோம். அவர்தம் படத்தை இப்பத்திரிகையில் வெளியிடுகின்றோம். அது செய்க. உடன், முடிவு வெளிவரும் நாளன்றே தேறாத பிள்ளைகளின் இல்லத்திற்கும் பெரியோர் இருவர் சென்று, மறுதேர்வுக்கு வழியுண்டு என்று அப்பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் எடுத்துக் கூறி வருக. பரிசு பெற்ற பிள்ளையினும் அன்று நம்மை வேண்டி நிற்பது அப்பிள்ளையே. இரண்டாவது, திருமணச் செலவைக் குறைத்தல் பற்றிப் பல காலம் பேசியுள்ளோம். ஒருநாள் விருந்துக்கு வாங்கிய கடன் ஓராயிரம் இரவின் உறக்கத்தைக் கொள்ளை கொள்ளுதலால், இதனைப் பொருளாதாரச் சீர்திருத்தமாக மட்டுமன்றி உடல்நலச் சீர்திருத்தமாகவும் கருதுக. மூன்றாவது, ஆண்டுக்கு இருமுறையேனும் தகுதிவாய்ந்த மருத்துவர் ஒருவரை அழைத்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிப்பித்து, அவரவர் உண்ணும் மருந்துகளைக் காட்டித் தெளிய ஏற்பாடு செய்க.

அன்பர்காள்! நம் உடம்பினுள் அமைந்த அந்தச் சிறு காவலன் எளிதிற் களைப்பவனல்லன். கரடி வந்தால் காக்கவே அவன் உள்ளான். கரடியில்லாத வீட்டில் கரடியாக நாம் நில்லாதிருந்தாற் போதும். அவன் தன் கடமையைத் தானே செவ்வனே செய்வான்.  நம் இல்லங்கள் தோறும் அச்சம் குறைந்து அமைதி நிலைபெறுக.